விண்மீன்களின் கூட்டாட்சியும் அதற்கு விலை கொடுப்போரும்

விண்ணூர்திகளும் வேற்றுக் கோள்களும் வரும் கதைகளைப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடும் வழக்கம் நம் இல்லங்களில் உண்டு. அத்தகைய நூலொன்று பிள்ளையின் கையில் இருக்கக் கண்டால், பாடத்தைப் படி என்று கூறி வாங்கி வைத்துவிடுகிறோம். வாங்கி வைத்த நூலை ஓய்வாக நாமே ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நலம். கதிர்த் துப்பாக்கிகளுக்கும் விந்தை உயிர்களுக்கும் அப்பால், அரசியல் அறிஞர்கள் ஆயிரம் ஆண்டுகளாக விடை தேடிய ஒரு வினாவை அந்நூல்களிற் சில நேராகவே எடுத்து வைப்பதைக் காணலாம். வெகுதொலைவில், வெவ்வேறு மொழியும் வழக்கமும் கொண்டு வாழும் மக்கட் கூட்டங்கள் ஒரே குடைக்கீழ் வர இயலுமா, வருவதாயின் அக்குடையைப் பிடிப்பவர் யார், அதற்கான செலவைக் கொடுப்பவர் யார் என்பதே அவ்வினா.

அரபு இலக்கியத்தில் பழகியோர்க்கு இவ்வினா புதிதன்று. ஹிஜ்ரி 339இல், அதாவது கி.பி. 950இல் மறைந்த தத்துவ அறிஞர் அல்ஃபாராபி, ‘ஆராஉ அஹ்லில் மதீனத்தில் ஃபாளிலா’ என்னும் தம் நூலில் நிறைவுற்ற மனிதக் கூட்டங்களை மூன்றாக வகுத்தார். சிறியது நகரம், இடைப்பட்டது ஒரு சமுதாயம், அதாவது உம்மத், பெரியதோ மக்கள் வாழும் நிலம் அனைத்தும் சேர்ந்த கூட்டம். மக்கள் வாழும் அந்நிலப்பரப்பை ‘மஃமூரா’ என்னும் சொல்லால் அவர் குறித்தார். நற்பேற்றை எய்துவதற்குச் சமுதாயங்கள் ஒன்றுக்கொன்று துணைநின்றால் மஃமூரா முழுவதுமே சிறப்புற்றதாகும் என்பது அவர் கருத்து. ஆயினும் நகரத்தைப் பற்றியும் அதன் தலைவனைப் பற்றியும் விரித்துரைத்த அப்பெருமகனார், உலகளாவிய அப்பெருங் கூட்டம் எவ்வாறு நடைபெறும் என்பதை விரிக்காமலே சென்றுவிட்டார். அவர் விட்ட இடத்திலே இருபதாம் நூற்றாண்டின் கதாசிரியர்கள் தம் கற்பனையை நிறுத்தினார்கள் எனலாம். அன்னாரின் நூலை அறிந்து அவர்கள் அதைச் செய்தனர் என்று நாம் கூற வரவில்லை. வினா ஒன்றாயிருப்பதால் வழிகள் சந்தித்துக்கொள்கின்றன, அவ்வளவே.

கோள்களின் கூட்டாட்சி என்னும் கருத்து அமெரிக்க மலிவு இதழ்களில் முளைவிட்டது. எட்மண்ட் ஹாமில்டன் 1928 முதல் எழுதிய கதைகளில், பல விண்மீன் உலகங்களுக்குப் பொதுவான காவற்படை ஒன்று திரிந்துகொண்டிருந்தது. 1937இல் ஆங்கிலேயரான ஓலஃப் ஸ்டேபிள்டன் ‘ஸ்டார் மேக்கர்’ என்னும் நூலில் விண்மீன் திரள் முழுவதும் தழுவிய உலகங்களின் சங்கத்தைக் காட்டினார். பின்னர் ஐசக் அசிமோவ் வந்தார். 1942இல் இதழில் தொடங்கி 1951இல் நூலான அவருடைய ‘ஃபவுண்டேஷன்’ கதைகளில் கூட்டாட்சி இல்லை, பேரரசே உண்டு. ஏறத்தாழ இரண்டரைக் கோடி உலகங்கள் அதன் கீழ் அடங்கும். தலைநகரான டிராண்டரில் மட்டும் நாலாயிரம் கோடி மக்கள்! ரோமப் பேரரசின் வீழ்ச்சியைப் பற்றி கிப்பன் எழுதிய வரலாறே தமக்குத் தூண்டுகோல் என்பதை அசிமோவ் மறைத்ததில்லை.

இங்கே இப்னு கல்தூன் நம் நினைவுக்கு வருகிறார். ஓர் அரசின் வலிமை அதன் நடுவிடத்தில் மிகுந்தும் எல்லைப்புறங்களில் தளர்ந்தும் இருக்கும் என்று அவர் தம் ‘முகத்திமா’வில் எழுதினார். அதற்கு அவர் காட்டிய உவமைகள் இரண்டு: நடுப்புள்ளியிலிருந்து பரவும் ஒளிக்கதிர், நீரில் ஏதேனும் விழும்போது விரிந்து விரிந்து மெலியும் வட்டம். ஓர் அரசுக்கு இவ்வளவு தொலைவுதான் எட்டும், அதற்கு மேல் எட்டாது என்பது அவர் கண்ட விதி. அசிமோவின் பேரரசும் ஓரத்திலிருந்தே உதிரத் தொடங்குகிறது. புதிய ஆற்றல் டெர்மினஸ் என்னும் கடைக்கோடி உலகில் பிறக்கிறது. முப்பதாயிரம் ஆண்டு நீடிக்கவேண்டிய இருண்ட காலத்தை ஆயிரமாகக் குறைப்பதே கதையின் திட்டம். ஆயினும் அந்த இரண்டரைக் கோடி உலகங்களில் எதுவும் தனக்கென ஒரு முகத்தோடு நம் நெஞ்சில் நிற்பதில்லை. எல்லாரும் ஒரே விதமாகப் பேசுகின்றனர். ஒரே விதமாகச் சூழ்ச்சி செய்கின்றனர். வேற்றுமையே இல்லாதாரை ஒன்றாக்குவதில் என்ன அருமை இருக்கிறது?

1966இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘ஸ்டார் டிரெக்’ தொடர் இக்குறையை ஓரளவு நீக்கியது. அதன் ‘ஒன்றிணைந்த கோள்களின் கூட்டாட்சி’ என்னும் அமைப்பு, ஐக்கிய நாடுகள் சபையை வானத்தில் ஏற்றி வைத்தது போன்றது. 1996இல் வந்த திரைப்படம் ஒன்றில் அதன் உறுப்பினர் தொகை 150க்கு மேல் என்று சொல்லப்பட்டது. வளர்ச்சியில் பின்தங்கிய உலகங்களின் வாழ்வில் தலையிடலாகாது என்பது அதன் முதற் சட்டம். சட்டம் அழகியதுதான். ஆனால் கப்பல் தலைவர் கிர்க் நல்ல நோக்கம் என்று கூறி அதனை எத்தனையோ முறை மீறுகிறார். ஒரு மணி நேரக் கதை முடியும்போது எல்லாம் நலமே முடிகிறது. ஒளியினும் விரைந்து செல்லும் கப்பலும் அதன் மீது ஆயுதமும் இருக்குமானால் சட்டத்தை யார் கையில் வைத்திருக்கிறார் என்பது சொல்லாமலே விளங்கும். நம் நாட்டுக் கரைக்கு வாணிகம் செய்ய வந்த கப்பல்கள் பின்னர் என்ன செய்தன என்பதைப் படித்தவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டா.

ஆகவே, வானத்துக் கூட்டாட்சி எதனையும் எடைபோட நாம் முதலிற் கேட்கவேண்டியது, இடைப்பட்ட தொலைவைக் கடந்து செல்வது எது என்பதே. படை கடந்து செல்லுமாயின் அது பேரரசு. பெயர் எதுவாயினும் சரியே. இந்த வினாவை வேறெவரினும் ஆழ்ந்து சிந்தித்தவர் அர்சுலா கே. லெ குவின் என்னும் அமெரிக்கப் பெண்மணி (1929–2018) என்பது எம் துணிபு.

லெ குவினின் தந்தை ஆல்ஃபிரட் குரோபர் புகழ்பெற்ற மானிடவியலறிஞர். பழைய உலகில், ஸ்பெயின் முதல் சீனம் வரை ஒன்றோடொன்று கொண்டும் கொடுத்தும் வளர்ந்த நாகரிகங்களின் பரப்பை, மக்கள் வாழும் நிலம் எனப் பொருள்படும் ‘ஓய்கூமெனே’ என்னும் கிரேக்கச் சொல்லால் அவர் குறித்தார். 1945ஆம் ஆண்டுக்கான ஹக்ஸ்லி நினைவுச் சொற்பொழிவின் பொருளே அதுதான். வீட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது அது. அதற்கு நிகராக அரபுப் புவியியலார் வழங்கிய சொல்லே முன்னர் நாம் கண்ட மஃமூரா. மகள் அச்சொல்லைச் சற்றே சுருக்கி ‘எகுமென்’ என்று தம் உலகங்களின் கூட்டத்திற்குப் பெயரிட்டார். அல்ஃபாராபி எழுதாமல் விட்ட அத்தியாயத்தின் தலைப்பே வேறொரு வழியாகச் சுற்றி வந்து ஒரு புனைகதையில் இறங்கியிருக்கும் இவ்விந்தையை நாம் பலமுறை எண்ணி மகிழ்ந்ததுண்டு.

லெ குவினின் அண்டத்தில் உயிருள்ள எவரும் ஒளியின் வேகத்தை மிஞ்சிச் செல்ல இயலாது. சொல் மட்டுமே மிஞ்சிச் செல்லும். ‘ஆன்சிபிள்’ என்னும் கருவி எத்தொலைவாயினும் கணப்பொழுதில் செய்தியைச் சேர்க்கும். இந்த ஒரு விதியிலிருந்தே அவருடைய கூட்டாட்சியின் குணம் முழுவதும் விளைகிறது. பேசலாம், கேட்கலாம், கற்பிக்கலாம். கீழ்ப்படியாதவன் வாசலில் நாளைக் காலை படையை நிறுத்துவது மட்டும் நடவாது.

1974இல் வந்த ‘தி டிஸ்பொஸஸ்ட்’ நாவலில் அக்கருவிக்கு அடிப்படையான கோட்பாட்டைக் கண்டறிபவன் ஷெவெக் என்னும் அறிஞன். ஓர் அரசு அதனைத் தனக்கே உரியதாக்கிக்கொள்ள விரும்பி அவனுக்கு மாளிகையும் மதிப்பும் தருகிறது. அவனோ அதனை எவருக்கும் விற்காமல், எல்லா உலகங்களுக்கும் ஒருங்கே அறிவித்துவிடுகிறான். ஒருவன் தன் அறிவை விலைபேச மறுத்ததன்மேல் உலகங்களின் சங்கம் எழுகிறது. கல்வியை விற்றுப் பிழைக்கும் இக்காலத்தில் இதனைப் படிக்கும் ஆசிரியர் எவரும் சற்றே தலைகுனிவார்.

வியட்நாம் போர்க்காலத்தில் எழுதப்பெற்று 1972இல் வெளிவந்த ‘தி வேர்ட் ஃபார் வேர்ல்ட் இஸ் ஃபாரஸ்ட்’ குறுநாவலில் அதே கருவி மற்றொரு வேலையைச் செய்கிறது. பூவுலகிலிருந்து 27 ஒளியாண்டு தொலைவில் உள்ள ஒரு கானக உலகில், குடியேறியோர் மரங்களை வெட்டி அனுப்புகின்றனர். அவ்வுலகத்தாரை அடிமைகளாக்கி, அதற்கு ‘விருப்ப உழைப்பு’ என்று பெயரும் சூட்டியிருக்கின்றனர். முறையீடு ஒன்று ஊர் போய்ச் சேர 27 ஆண்டு, மறுமொழி வர மேலும் 27 ஆண்டு என்றிருந்தவரை அவர்கள் செய்ததே நீதி. ஆன்சிபிள் வந்த அன்றே கணக்குக் கேட்கும் குரலும் உடன் வந்தது. ஆயினும் காலம் கடந்துவிட்டது. கொலையை அறியாதிருந்த அம்மக்கள் தம்மைக் காத்துக்கொள்ளக் கொலை செய்யக் கற்றுக்கொண்டனர். சங்கம் அவ்வுலகிற்கு விடுதலை தந்தது. கற்றதை மறக்கச் செய்ய அதனால் ஆகவில்லை.

இனி, இவ்வகையில் தலைசிறந்ததாக நாம் கருதும் ‘தி லெஃப்ட் ஹாண்ட் ஆஃப் டார்க்னஸ்’ நாவலுக்கு வருவோம். ‘இருளின் இடக்கரம்’ என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். 1969இல் வெளிவந்தது, அத்துறையின் இரு பெரும் பரிசுகளான ஹியூகோ, நெபுலா இரண்டையும் பெற்றது. கெதென் என்னும் பனி உலகை எகுமெனில் சேர அழைப்பதற்கு ஜென்லி ஐ என்பவன் தூதனாக வருகிறான். எகுமெனில் அப்போது 83 உலகங்களும், அவற்றில் ஏறத்தாழ மூவாயிரம் சமுதாயங்களும் உள்ளன. அத்துணைப் பெரிய அமைப்பு அனுப்பிய தூதனோ தனியொருவன். தோழர்கள் கப்பலில் உறங்கியவாறு தொலைவில் காத்திருக்கின்றனர். கூட்டமாக வந்தால் அது படையெடுப்பாகத் தோன்றும். தனியே வந்தவனைக் கொன்றுவிடலாம், சிரித்துவிடலாம், நம்பவும் செய்யலாம். மறுக்கும் உரிமையை மற்றவன் கையில் கொடுத்துவிட்டே பேச்சைத் தொடங்குகிறது அவ்வழைப்பு.

அவன் கொடுத்த விலையையும் பார்க்கவேண்டும். பூவுலகிலிருந்து புறப்பட்டு ஐம்பது, மீண்டும் ஐம்பது, பின்னர் பதினேழு ஆண்டுத் தொலைவுகளைக் கடந்து வந்திருக்கிறான். விரைந்தோடும் கப்பலினுள் காலம் சுருங்குவதால் அவனுக்கு இன்னும் முப்பது நிறையவில்லை. பிறந்து 120 ஆண்டாகிவிட்டது. ஊரில் விட்டுவந்த தலைமுறையே மண்ணுக்குள் போய்விட்டது. பிழைப்புக்காகக் கடல் கடந்து சென்று, திரும்பி வருமுன் பெற்றோரின் ஜனாஸாவைத் தவறவிட்டவர்கள் நம் ஊர்களில் எத்தனையோ பேர். அவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே விளங்கும்.

கெதெனின் மக்களுக்கு ஆண், பெண் என்னும் நிலையான பிரிவில்லை. திறனாய்வாளர் பெரும்பாலும் இதனைப் பற்றியே எழுதிக் குவித்திருக்கின்றனர். நாம் அதில் நெடிது நிற்க விரும்பவில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். ஆங்கிலத்தில் அவர்களை ‘அவன்’ எனச் சுட்டியதைப் பற்றி ஆசிரியரே பின்னாளில் தம் கட்டுரையில் மனவருத்தம் தெரிவித்தார். தமிழில் எழுதியிருப்பாராயின் ‘அவர்’ என்ற ஒரு சொல் அவர் கவலையைத் தீர்த்திருக்கும். அரபியிலோ பெயரோடு வினையும் சேர்ந்து பாலை உரைத்துவிடும். ‘நான்’, ‘நாம்’ என்னும் தன்மை இடங்களிலும் ‘அவ்விருவர்’ என்னும் பெயரிலும் தப்ப வழியுண்டு. இருவர் மட்டும் பனிப்பாலையைக் கடக்கும் இந்நாவலுக்கு அதுவும் பொருத்தமே.

அந்த இருவரில் மற்றவர் எஸ்திராவென். கார்ஹைட் நாட்டின் முதலமைச்சர். தூதன் சொல்வது உண்மை என்பதை முதலில் உணர்ந்தவரும், அதற்காகப் பதவியிழந்து நாடுகடத்தப்பட்டவரும் அவரே. அண்டை நாடான ஒர்கோரெய்ன் தூதனை வரவேற்று, உபசரித்து, பின்னர் சிறைப்பண்ணையில் தள்ளுகிறது. எஸ்திராவென் அவனை அங்கிருந்து மீட்டு, எண்பது நாட்களுக்கு மேல் பனிமலைமீது சறுக்குவண்டியை இழுத்து, தம் நாட்டு எல்லைக்குக் கொண்டுவந்து சேர்க்கிறார். எல்லைக் காவலரின் குண்டுக்கு அங்கேயே இரையாகிறார். உலகம் எகுமெனில் சேர்கிறது.

இத்துடன் கதையை முடித்திருந்தால் தியாகக் கதைகளுள் இதுவும் ஒன்று என்று நாம் அடுத்த நூலுக்குச் சென்றிருப்போம். நாவலின் உயிர் வேறோரிடத்தில் இருக்கிறது. எஸ்திராவென்மீது விழுந்த துரோகி என்னும் பழியை மன்னன் நீக்கும் வரை கப்பலைக் கீழே இறக்குவதில்லை என்று ஜென்லி ஐ உறுதி பூண்டிருந்தான். அவன் அவ்வுறுதியைக் காக்கவில்லை. வாய்ப்பு நழுவிவிடும் என்று கப்பலை அழைத்துவிடுகிறான். உலகங்களின் பெருங்கூட்டம் கெதென் மண்ணில் கால் வைத்த அந்த நொடியிலேயே இறந்துபோன நண்பனிடம் பட்ட கடன் ஒன்று தீராமல் நிற்கிறது. அதைத்தான் எஸ்திராவெனும் விரும்பியிருப்பார் என்று அவனும் எண்ணுகிறான், நாமும் எண்ணுகிறோம். இருப்பினும் ஓர் அமானத்தை அதற்குரியவர் மன்னித்திருப்பார் என்று நாமே தீர்ப்பளித்துக்கொள்ள இயலாதே. படையும் சட்டமும் இன்றி நம்பிக்கை ஒன்றன்மேல் மட்டுமே கட்டப்பெற்ற கூட்டாட்சியில் இந்தக் கீறல் சிறியதன்று. லெ குவின் அதனைப் பூசி மறைக்கவில்லை. தூதனை இறுதி அத்தியாயத்தில் எஸ்திராவெனின் இல்லத்திற்கே, அவரைப் பெற்றவர் முன்னும் அவருடைய பிள்ளையின் முன்னும் கொண்டுபோய் நிறுத்துகிறார். அங்கே அவன் கையில் இறந்தவரின் நாட்குறிப்பு இருக்கிறது; மனநிறைவு இல்லை.

நமக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. லெ குவினின் உலகங்கள் அனைத்திலும் வாழ்வோர் ஹெய்ன் என்னும் ஓர் ஆதி உலகத்தாரின் வழிவந்தவர்கள். ஆகவே எகுமென் என்பது அந்நியர் கூட்டமன்று. பிரிந்துபோன பங்காளிகளின் ஒன்றுகூடல். முற்றிலும் வேறான உயிரோடு உடன்படிக்கை செய்வது எங்ஙனம் என்னும் கடினமான வினாவை இந்த ஏற்பாடு எளிதாக்கிவிடுகிறது. ஸ்டேபிள்டன் அந்த வகையில் துணிச்சல் மிக்கவர். ஆனால் அவருடைய நூலில் ஒரு கதவைத் தட்டிக் குளிரில் நிற்கும் மனிதன் ஒருவனும் இல்லை.

தம் கூட்டாட்சியின்மீதே லெ குவின் தொடுத்த கடுமையான வழக்கை 2000இல் வந்த ‘தி டெல்லிங்’ நாவலில் காண்கிறோம். அதன் தலைவி சத்தி, இந்திய வழிவந்த குடும்பத்தில், கனடாவின் வான்கூவரில் வளர்ந்தவள். ஆக்கா என்னும் உலகின் பழைய எழுத்தைக் கற்றுக்கொண்டு எகுமெனின் நோக்கராக அங்குச் செல்கிறாள். சென்று இறங்கும்போது அவ்வெழுத்தே தடைசெய்யப்பட்டிருக்கிறது, நூல்கள் அழிக்கப்பட்டுவிட்டன. காரணம் என்ன? பூவுலகில் ஆட்சியைப் பிடித்த மதவெறிக் கூட்டத்தார் அனுப்பிய குழு முன்னரே அங்கு வந்து, அவ்வுலகத்தாரின் மனத்தைக் கலைத்திருந்தது. அதனோடு, வானுலகத்தாருக்கு நிகராக விரைந்து உயரவேண்டும் என்னும் வெறியும் சேர்ந்துகொண்டது. வேற்றுலகத்தார் கட்டளையிட்டு எரிக்கச் சொல்லவில்லை. தம் முதுசொம்மைச் சுமையென்று கருதி அம்மக்களின் ஆட்சியே எரித்தது.

இப்பகுதியைப் படித்தபோது நாம் நூலை மூடிவைத்துவிட்டோம். நம் பாட்டிமார் ஓதிய அரபுத்தமிழ்க் கிதாபுகளை நம் வீட்டுப் பரண்களில் எவரும் தீயிட்டதில்லை. அச்சுத் தமிழும் ஆங்கிலமும் வந்தபின் அவ்வெழுத்தைப் படிக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தராமல் விட்டோம். கரையான் மற்றதைப் பார்த்துக்கொண்டது. பெரிய உலகத்தோடு சேர்ந்ததனால் நாம் பெற்றவை பல, மறுப்பதற்கில்லை. ஆயினும் சேரும்போது வாசலில் எதை இறக்கி வைத்தோம் என்று கணக்கெழுதியவர் நம்முள் சிலரே.

ஆக்காவின் மலையொன்றின் குகைகளில், மீந்த நூல்களை மக்கள் முதுகில் சுமந்து சென்று மறைத்து வைத்திருக்கின்றனர். அதனைக் கண்டறிந்து அழிக்கச் சத்தியைத் தொடர்ந்து வரும் அதிகாரி யாரா, விபத்தில் அடிபட்டு, அந்நூல்களைக் காப்பவர்களாலேயே பேணப்படுகிறான். பின்னர் மலையுச்சியிலிருந்து விழுந்து தன்னை மாய்த்துக்கொள்கிறான். சத்தி மலையிறங்கி வருகிறாள். எகுமெனிடமிருந்து தொழில்நுட்ப அறிவைப் பெறத் துடிக்கும் ஆட்சியாளரிடம், அதற்கு ஈடாக அந்த நூலகத்தை விட்டுவைக்குமாறு அவள் பேரம் பேசத் தொடங்கும் இடத்தில் நாவல் நின்றுவிடுகிறது. பேரம் படிந்ததா என்பதை ஆசிரியர் எழுதவில்லை.